கட்டுப்பல்லிலிருந்து வெண்கலத் தலைக்கு: திருகோணமலையில் ஒரு தொழில்மாற்றம்

இலங்கையில் அரச ஊழியரின் கட்டாய ஓய்வு வயது குறுகிய காலத்துக்குள் ஏறி இறங்கியது. 2022இல் அது 65 ஆனது. பொருளாதாரம் சரிந்ததும் மறுபடி 60 ஆக்கினார்கள். 60ஐத் தாண்டியிருந்தவர்களில் பெரும்பாலானோர் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஒரேயடியாக வீட்டுக்குப் போனார்கள்.

இந்த ஆய்வுக்கு உரியவர் அப்படிப் போனவர்களில் ஒருவர். அரசாங்க வைத்தியசாலைகளின் பல் ஆய்வுகூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த பல் தொழில்நுட்பவியலாளர். அப்போது அவருக்கு 61 வயது. இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்ற கணக்கில் இருந்தவர். இன்று திருகோணமலை உவர்மலையில் தன் வீட்டுப் பின்வளவில் வெண்கலத் தலைகள் வார்க்கிறார். ஊரில் பலர் அவரை 'டொக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் டொக்டர் இல்லை. திருத்தித் திருத்திக் களைத்து விட்டுவிட்டாராம். இந்தக் கட்டுரையில் பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "முப்பது வருசம் பெயர் இல்லாமத்தானே வேலை செய்தனான், இதுக்கு மட்டும் ஏன்?" என்றார். சொன்ன தொனியில் கசப்பு இருந்ததா, பகிடியா என்று பிடிபடவில்லை.

தொழில்மாற்றம் பற்றி நம்மிடம் ஒரு பொதுவான புத்திமதி உண்டு: பழைய தொழிலில் கற்றதைப் புதியதில் முதலீடாகப் போடு. சிற்ப வரலாறும் அதற்குச் சாட்சி சொல்வதுபோலத்தான் இருக்கிறது. ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ் 1918இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ரெனோ தொழிற்சாலையில் வெல்டிங் பழகினார். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1925இல் ஸ்டூட்பேக்கர் கார்த் தொழிற்சாலையில் உலோக வேலை செய்தார். தொழிற்சாலையில் பழகிய கைதான் பின்னால் இருவருடைய சிற்பத்துக்கும் அடிப்படை. அந்தக் கணக்கில் பார்த்தால் நம்முடைய ஆள் எல்லாரையும்விடப் பொருத்தமானவர். வெண்கலச் சிற்பத்தின் மூல வித்தையான மெழுகு வார்ப்பை அவர் தன் உத்தியோக காலம் முழுவதும் செய்துவந்திருக்கிறார். அந்தப் புத்திமதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கத்தான் இவரைத் தெரிந்தெடுத்தேன்.

அதிக தூரம் தாங்கவில்லை. வார்ப்பறிவுதான் அவரை ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப இடறிவிட்டது. அவரைச் சிற்பியாக்கியது வேறொன்று. அது தன்னிடம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தது.

மெழுகும் மண்ணும்

பல் ஆய்வுகூடத்தில் நடப்பதை வெளியில் உள்ளவர்கள் பார்ப்பதில்லை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சு ஒரு கிண்ணத்தில் வந்து சேரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்பார்கள். ஒரு பல்லுக்குக் கிரவுன், அதாவது பல்லின்மேல் மாட்டும் உலோக உறை, என்றால் மாதிரியின்மேல் மெழுகில் அதைச் செதுக்கி, ஊற்றுவழிக்காக ஒரு மெழுகுக் குச்சி ஒட்டி, அனல் தாங்கும் மாவைக் கரைத்து அதைச் சுற்றி நிரப்பி இறுக விடுவார்கள். பிறகு சூளையில் வைத்தால் மெழுகு உருகி எரிந்து போய்விடும். மெழுகு இருந்த வெற்றிடத்துக்குள் உருகிய உலோகம் போகும். சோழர் காலத்து நடராசரை வார்த்த முறையும் இதுதான். 1907இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டகார்ட் இதைத் தங்க நிரப்பிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அங்கிருந்துதான் இது இன்றைய நகைத் தொழிற்சாலைகளுக்கும் போனது. சிலையிலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து தோட்டுக்கு என்று ஒரு விசித்திரமான பயணம்.

ஆகவே ஓய்வுபெற்ற கையோடு சிற்பம் வார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இளவயதில் களிமண்ணில் முகங்கள் பிடித்துப் பார்த்தவர் என்பது மனைவிக்குத் தெரியும். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பணிக்கொடையில் கைவைக்கக் கூடாது. அது மகளுக்கு. சூளைக்கும் செம்புக்கும் வேண்டிய காசை, பின்னேரங்களில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கட்டுப்பல் செய்து கொடுத்து உழைத்துக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனை எவ்வளவு நல்ல நிபந்தனை என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் தடை ஈரம். கிரவுன் வார்க்கும் அச்சு உள்ளங்கைக்குள் அடங்கும். மின்சூளையில் இரவு வைத்தால் விடிய ஆயத்தமாகிவிடும். ஒரு தலையின் அச்சை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கவேண்டும். பல்லுக்குப் போடும் இறக்குமதி மாவை அந்த அளவுக்கு வாங்கினால் பணிக்கொடையும் போதாது. எனவே பிளாஸ்டரும் மணலும் இடித்த செங்கல்லும் கலந்தார். மின்சூளை வாங்கும் யோசனையை 2023 பெப்ரவரியில் மின் கட்டணம் சராசரியாக 66 வீதம் ஏறியதோடு கைவிட்டு, செங்கல்லில் விறகுச் சூளை ஒன்று கட்டினார். பிளாஸ்டரை 700 பாகை செல்சியசுக்கு மேல் விட்டால் அது சிதைந்து கந்தக வாயுவைக் கக்கும், உலோகத்தின் முகம் கெடும். இது அவருக்கு ஆய்வுகூடத்திலேயே தெரிந்த பாடம். அதனால் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து 700க்குள் நிறுத்தினார். எல்லாம் முறைப்படி.

ஆனால் வெப்பமானி காட்டியது சூளையின் வெப்பத்தை. அச்சின் நடுவயிற்றில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. சின்ன அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய அச்சில் வெளிப்புறம் 600ஐத் தாண்டி நிற்கும்போது உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். அதுவும் வாடைக்காற்றோடு மழை பெய்து முடிந்திருந்த காலம், காற்றிலேயே தண்ணீர். உலோகத்தை ஊற்றியதும் அச்சு அதைத் திருப்பித் துப்பியது. முழங்கால்வரை தோல் கவசம் கட்டியிருந்ததால் சப்பாத்து மட்டும்தான் போனது.

முப்பது வருடம் ஒரு வேலையைச் சரியாகச் செய்த மனிதருக்கு அந்த நேரக்கணக்கு உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. 'இவ்வளவு நேரம் போதும்' என்று கை சொல்லும். வார்ப்பே தெரியாத ஒருவர் பயந்து இன்னும் ஒரு நாள் சூட்டில் வைத்திருப்பார். இவர் பயப்படவில்லை. இப்போது அவர் செய்வது பழைய குயவர் உத்தி. சூளை சூடாக இருக்கும்போதே புகைவழியின் வாயில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுகிறார். அதில் நீர் படிந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். வார்ப்பு வேலையையும் கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு ஒதுக்கிவிட்டார். ஜூன், ஜூலையில் திருகோணமலையில் துணி அரைமணியில் காயும், அச்சும் அப்படித்தான்.

இரண்டாவது தடை சுருக்கம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும்தான். பல் வேலையில் உலோகம் ஆறும்போது சுருங்குவது பெரிய பிரச்சினை. கட்டுப்பல்லைத் தாங்கும் சட்டத்துக்குப் போடும் கோபால்ட்-குரோம் உலோகம் இரண்டு வீதத்துக்கு மேல் சுருங்கும். அப்படியே விட்டால் சட்டம் வாயில் பொருந்தாது. எனவே அச்சு மாவே அதே அளவுக்கு விரியும்படி தண்ணீரையும் கரைசலையும் அளந்து கலக்கிறார்கள். வெண்கலமும் ஒன்றரை, இரண்டு வீதம் சுருங்கும். அதை ஈடுசெய்ய அவர் பல கலவைகள் போட்டுப் பார்த்தார், மெழுகைப் பெரிதாக்கினார், கொப்பி நிறையக் கணக்கு எழுதினார். கடைசியில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து இவரிடம் உதவிக்கு வந்த பெடியன்தான் கேட்டான்: "சேர், தலை ரெண்டு வீதம் சின்னனாப் போனா ஆருக்கு நட்டம்?"

ஒருவருக்கும் இல்லை. சிற்பம் எந்தத் தாடைக்கும் பொருந்த வேண்டியதில்லை.

சுருக்கத்தின் இன்னொரு முகத்தை அவர் கவனிக்காமல் விட்டதும் இந்தக் கணக்கு மும்முரத்தில்தான். தடித்த இடம் கடைசியாக ஆறும். ஆறும்போது பக்கத்திலிருந்து உலோகத்தை இழுக்கும், இழுக்க ஒன்றும் இல்லாவிட்டால் உள்ளே குழி விழும். கிரவுனுக்கு ஊற்றுக்குச்சியில் ஒரு சிறு உருண்டை வைத்தால் போதும், அது உலோகத்தைக் கொடுத்து உதவும். கனமான ஒரு தலைக்கு அந்த உருண்டையும் தலையளவு வேண்டும். முதல் தலைகளின் கன்னங்கள் உள்ளே சப்பிப் போயிருந்தன. உள்ளே மண்கரு வைத்து, அதை ஆணிகளால் தாங்கி, சுவரை ஐந்து மில்லிமீற்றர் அளவில் வைத்துப் பொள்ளலாக வார்க்கத் தொடங்கிய பிறகுதான் கன்னம் கன்னமாக வந்தது. எடையும் குறைந்தது. 60 தாண்டிய முதுகுக்கு அது சிறிய விஷயமில்லை.

மூன்றாவது தடைதான் கடினமானது. மெருகு. பல் டெக்னீசியனுக்கு மெருகு என்பது மானப் பிரச்சினை. நாக்கு ஒரு தலைமயிரின் தடிப்பையும் கண்டுபிடிக்கும். சொரசொரப்பு இருந்தால் அழுக்குப் படியும், பல்முரசு புண்ணாகும். எனவே ஒவ்வொரு தலையையும் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, சின்ன உருளைக் கற்களால் தேய்த்து, கண்ணாடிபோல ஆக்கினார். மனைவி வந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில குடுக்கிற கப் மாதிரியெல்லோ கிடக்கு" என்றாராம்.

அவர் மெழுகைச் சாதாரணமாக ஒரு முழம் தள்ளி வைத்து, விளக்கின் கீழ், கதிரையில் இருந்து செய்வார். வாய்க்கு அது சரி. ஒரு தலையைப் பார்ப்பவர்கள் வாசலிலிருந்து பார்ப்பார்கள், சுற்றி நடப்பார்கள், வெயில் மாறும். உதவிப் பெடியன் ஒரு பழைய சுழல்நாற்காலியின் அடிப்பாகத்தில் பலகை பூட்டிக் கொடுத்தான். மெழுகு அதன்மேல் முற்றத்தில் நின்றது. அவர் கேற்றடியில் நின்று பார்த்துவிட்டு வந்து கைவைக்கப் பழகினார். உருப்பெருக்கியை மகள் எடுத்து ஒளித்துவைத்தது உண்மையா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பழைய இரும்புக் கடையில்

துறைமுகப் பட்டணத்தில் உலோகத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைக்கத் தோன்றும். மீன்பிடிப் படகுகளின் விசிறி, பழைய வால்வு, புஷ், பைப் முனை எல்லாம் எங்காவது ஒரு கொட்டிலில் குவிந்து கிடக்கும். கிண்ணியாவில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் வாடிக்கையாகப் போவார். அவருக்கு இவர் கட்டுப்பல் செய்து கொடுத்தவர், அதனால் விலையில் கொஞ்சம் இரக்கம் உண்டு.

முதலில் வாங்கியது படகு விசிறிகள். சந்தையில் அதற்கு 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று பெயர். பெயர்தான் வெண்கலம், உள்ளே ஐந்தில் இரண்டு பங்கு நாகம் (துத்தநாகம்). அதாவது நல்ல பித்தளை. நாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும், வார்க்க வேண்டிய சூடோ அதைச் சுற்றித்தான். உலோகம் உருக்கும் மூசையின் வாயிலிருந்து வெள்ளைப் புகை பஞ்சுபோலப் பறக்கும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். வெல்டர்களுக்கு இது பழகிய காய்ச்சல். "பால் குடிச்சிட்டு வேலை செய்யுங்க சேர், ஒண்டும் வராது" என்பது கடைக்காரர் சொன்ன வைத்தியம். உலகம் முழுக்க வெல்டர்கள் சொல்லும் வைத்தியமும் அதுதான். பால் உடம்புக்கு நல்லது, நாகப் புகையை அது தடுக்காது.

இந்த இடத்தில் மட்டும் பழைய தொழில் நேரடியாகக் கைகொடுத்தது. பல் ஆய்வுகூடத்தில் சிலிக்காத் தூசியும் குரோம்-கோபால்ட் தூசியும் நுரையீரலை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எனவே முதல் நாளிலிருந்தே வடிகட்டி உள்ள முகமூடி, உறிஞ்சும் விசிறி, ஈரத்துணியால் துடைத்தல். பெடியனையும் முகமூடி இல்லாமல் சூளையடிக்கு விடமாட்டார். கப்பல் பட்டறையில் யாரும் தன்னை இப்படிப் படுத்தவில்லை என்று அவன் முணுமுணுத்தான்.

வால்வுகளும் புஷ்களும் சிவப்பு வெண்கலம். அழகாக ஓடும், அழகாக ஆறும். ஆனால் வழக்கமான கலவையில் செம்பு 85, வெள்ளீயம் 5, நாகம் 5, மிச்சம் 5 காரீயம். வீட்டுப் பின்வளவில், கிணற்றுக்குப் பக்கத்தில், காரீயப் புகை தேவையா? அதையும் விட்டார். இப்போது செம்பும் வெள்ளீயமும் தனித்தனியாக வாங்கி ஒன்பதுக்கு ஒன்று என்று தானே கலக்கிறார். எரிபொருள் சிரட்டைக்கரி, கீழிருந்து காற்றடிக்க ஒரு புளோவர். தட்டார் பட்டறைகளில் சிரட்டைக்கரியின் அனலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தேங்காய்ச் சிரட்டை கிடைக்கும் நாட்டில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற 2022ஐ நினைத்தால் இந்த முடிவுக்கு விளக்கம் தேவையில்லை.

செம்பு வாங்கும்போது ரசீது கேட்பார். மின்கம்பி திருட்டும் கோயில் விளக்குத் திருட்டும் மலிந்த காலத்தில் அது இல்லாமல் முடியாது. ஒருமுறை தேய்ந்துபோன ஒரு பழைய மணியைக் கொண்டுவந்து உருக்கித் தரச் சொன்னார்கள். அவர் தொடவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தைப் பற்றி வந்தவருக்கு ஒரு பிரசங்கமே செய்தாராம்.

அதில் பயம் மட்டும் காரணமில்லை. இந்த ஊரில் மண்ணுக்குள் கிடக்கும் வெண்கலத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்மனும் அவற்றில் உண்டு. மூன்று நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த அந்த வார்ப்பைச் சிறுவயதில் திருவிழாவில் பார்த்ததைப் பற்றி அவர் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார்.

கடவுளை வார்க்கவில்லை

வெண்கலம் வார்க்கிறார் என்று தெரிந்ததும் முதலில் வந்த வேண்டுகோள் பிள்ளையார். அடுத்தது வேல். மறுத்துவிட்டார். பூசைக்குரிய திருவுருவத்துக்கு அளவு உண்டு, முறை உண்டு, அது தன் பரம்பரையில் இல்லை என்பது அவருடைய நிலைப்பாடு. ஆனால் செய்முறையைப் பார்த்துவர ஆசை இருந்தது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியபோது அதில் ஏறி, தமிழ்நாட்டில் பரம்பரையாகத் திருவுருவம் வார்க்கும் சுவாமிமலைக்குப் போய்வந்தார்.

அங்கே தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிச் சேர்க்கிறார்கள். முதல் பூச்சு காவிரி வண்டல், மெல்லியதாக. அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள். பல் ஆய்வுகூடத்திலும் இப்படித்தான். முதலில் தூரிகையால் நுண்மையான பூச்சு, பிறகு நிரப்பு. திரும்பி வந்து மூதூர்ப் பக்கம் மகாவலி கொண்டுவந்து சேர்த்த வண்டலை எடுத்து முதல் பூச்சுக்குப் போட்டுப் பார்த்தார். தோலின் ரேகைவரை விழுந்தது. இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

அங்குள்ள ஒரு ஸ்தபதி தென்னோலையை மடித்து அளவு குறித்துக்கொண்டிருந்தார். இவர் தன் வேலையின் படங்களைக் காட்டினார். "என்ன தாளத்துல பண்ணீங்க?" என்று ஸ்தபதி கேட்டார். தாளம் என்பது திருவுருவத்தின் அளவுமுறை. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம், உச்சி முதல் உள்ளங்கால்வரை 124 அங்குலம் என்று கணக்கு. இவருடைய தலைகளுக்குத் தாளம் ஏது. பல்லில்லாத ஒரு கிழவியின் படத்தில் ஸ்தபதி கொஞ்ச நேரம் நின்றார். எங்களிடம் காரைக்கால் அம்மையார் மட்டும்தான் கிழவி என்றார். நம்முடைய ஆள் உடனே, "ஆனா அம்மையாருக்குப் பல் இருக்குதே" என்றாராம். உண்மைதான். பேயுருவுக்கு வெண்பல் வேண்டும். பொலன்னறுவையிலும் அம்மையாரின் வெண்கலம் கிடைத்திருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அதைப் பார்ப்பவர்கள் எலும்பையும் கையிலுள்ள தாளக் கருவியையும் பார்ப்பார்கள். இவர் வாயைப் பார்ப்பார்.

விழுந்த முகம்

அந்தக் கிழவியின் தலை எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் முக்கியமான பகுதி.

சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தாய் காலமாகி ஒரு வருடம். படத்தைப் பார்த்து அம்மாவின் தலையைச் செய்து தரவேண்டும். தாயின் பழைய செம்புக் குடத்தையும் கொண்டுவந்திருந்தார், அதையும் கலவையில் போடச் சொல்லி. படம் எடுத்தது ஒரு கலியாண வீட்டில். அதை வைத்து மெழுகில் முகத்தைப் பிடித்தார். மகள் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, வாய்தான் அம்மா இல்லை என்றார். அடுத்த தடவை வரும்போது ஒரு துணியில் சுற்றித் தாயின் கட்டுப்பல்லைக் கொண்டுவந்தார், இதைப் பார்த்தாவது வாய் சரியாக வரட்டும் என்று.

அது அவரே செய்த கட்டுப்பல். முன்பல் இரண்டையும் ஒரு நூல் அளவு சாய்த்து வைப்பது அவருடைய பழக்கம், ஒரே வரிசையாக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும் என்பதற்காக. சாய்வைக் கண்டதும் தெரிந்துகொண்டார்.

ஒரு கட்டுப்பல்லில் அந்த முகத்தின் கீழ்ப்பாதி முழுக்க எழுதியிருக்கும். மேலுதடு எவ்வளவு முன்னால் நிற்கும், வாயை மூடும்போது மூக்குக்கும் நாடிக்கும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கத்தால் சப்புவார், எல்லாம். அதை வைத்து வாயைத் திருத்தினார். இந்தத் தடவை பிழை வர வழியே இல்லை. மகள் வந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, இது படத்தில இருக்கிற அம்மா. வீட்டில இருந்த அம்மா இப்பிடி இல்ல. அவ வீட்டில பல்லுப் போடமாட்டா. கலியாண வீடு, திருவிழா எண்டா மட்டும்தான். மற்றப்படி அது தண்ணிக் கோப்பைக்குள்ளதான் கிடந்தது."

அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை என்று மனைவி சொன்னார். கட்டுப்பல்லைப் பலர் வீட்டில் கழற்றி வைப்பது பல் வைத்தியத்தில் யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் இருப்பவர் நோயாளியின் வீட்டைப் பார்ப்பதில்லை, நோயாளியைக்கூடப் பார்ப்பதில்லை.

பிறகு கலியாண வீட்டுப் படத்தைத் தள்ளிவைத்தார். கட்டுப்பல்லை வைத்துக்கொண்டே பின்னோக்கிக் கணக்குப் போட்டார். பல் போனால் அதைத் தாங்கிய எலும்பும் வருடக்கணக்கில் கரையும், கீழ்த்தாடையில் மேலதைவிட நாலு மடங்கு வேகமாக. வாயை மூடினால் நாடி மேலேயும் முன்னேயும் வந்து மூக்கை நெருங்கும். மேலுதட்டுக்குத் தாங்கல் இல்லாததால் அதன் நடுப்பள்ளம் தட்டையாகும், சிவப்பு உள்ளே மடியும். வாயின் மூலைகள் கீழே சரியும். கன்னத் தசைகள் வந்து சேரும் முடிச்சு உள்ளே இறங்கும். இதெல்லாம் அவர் படித்தது, இந்த வீழ்ச்சியைத் தூக்கி நிறுத்துவதற்காகப் படித்தது. முப்பது வருடம் ஒவ்வொரு முகத்திலும் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று மில்லிமீற்றரில் அளந்து, அந்த அளவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக அதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டார்.

தலை வந்தது. மெருகு போடவில்லை, வார்ப்புத் தோலை அப்படியே விட்டுப் பழப்புளியால் மட்டும் துலக்கினார். வாய்க்குள் வெற்றிலை அதக்கியிருப்பதுபோல ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் புடைத்திருக்கும். மகள் கூட்டிக்கொண்டு வந்த பேரப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு "அம்மம்மா" என்றதும் விலை பேசுவது கஷ்டமாகப் போய்விட்டது. செம்புக் குடத்துக்குக் காசு கழித்து, கரிக்கும் வெள்ளீயத்துக்கும் மட்டும் வாங்கினார்.

அதற்குப் பிறகு அவர் செய்வதெல்லாம் இதுதான். சந்தையில் கருவாடு விற்கும் ஆச்சி, தம்பலகாமத்து வயல்காரர், தன்னுடைய மாமியார். எல்லாம் பல்லில்லாத முகங்கள். ஒரு பாடசாலை மண்டபத்தில் காட்சிக்கு வைத்தபோது வந்தவர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்களைக் கேலி செய்கிறார் என்றார் ஒருவர். நான் அப்படி நினைக்கவில்லை. கேலி செய்பவருக்குத் தாடை எங்கே எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கவலை இருக்காது. அந்தத் தலைகளின் பலம் அந்தக் கவலைதான். கூடவே ஒரு குறையையும் சொல்லவேண்டும்: மூக்குக்குக் கீழே இருக்கும் உயிர் மேலே இல்லை. கண்கள் இன்னும் பாடப்புத்தகக் கண்கள். கண் அவருடைய பகுதி இல்லை என்பது தெரிகிறது. அதைச் சொன்னேன். ஓம், கண் டொக்டர் ஒருவரும் ஓய்வுபெறட்டும், சேர்ந்து செய்வோம் என்றார்.

காசும் உப்புக்காற்றும்

இந்தத் தலைகளால் சீவிக்க முடியாது. வாங்கியவர்கள் சிலர்தான், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர். பட்டறையின் செலவைத் தாங்குவது கதவுக் கைப்பிடி. நிலாவெளியில் ஒரு விடுதிக்காரர் மீன் வடிவில் வெண்கலக் கைப்பிடி கேட்டார். அது பிடித்துப்போய் உப்புவெளியிலிருந்தும் கேட்டார்கள். கைப்பிடி சின்ன வார்ப்பு, கிட்டத்தட்டப் பல் வேலை. அதில் அவருடைய பழைய நேரக்கணக்கு, மெருகு, உருப்பெருக்கி எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பழைய திறமை புதிய தொழிலில் பயன்படவில்லை என்று சொன்னால் இந்தக் கைப்பிடிகள் சாட்சிக்கு வந்து நிற்கும். பயன்படுகிறது, சிற்பத்தில் அல்ல, சிற்பத்துக்குக் காசு தேடும் இடத்தில். மனைவியின் நிபந்தனையும் இங்கேதான் வேலை செய்தது. பணிக்கொடை கையில் இருந்திருந்தால் முதல் வருடமே பெரிய எரிவாயு உலை வாங்கி, சுருக்கக் கணக்கிலேயே அதைத் தொலைத்திருப்பார் என்பது என் ஊகம். அவரும் மறுக்கவில்லை.

கடலோரத்தில் இருப்பதால் ஒரு தொல்லை தீராமல் இருக்கிறது. உப்புக்காற்றின் குளோரைட்டு வெண்கலத்துக்குள் இறங்கினால் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். ஈரமும் காற்றும் கிடைக்கும்வரை அது தானே தன்னைத் தின்றுகொண்டு போகும். சாதாரணப் பச்சைக் களிம்பு காவல், இது நோய். வார்ப்பு முடிந்ததும் மண்ணை முழுதாகச் சுரண்டி, மழைநீரில் பலமுறை ஊறவைத்து, சூடாக்கி மெழுகு பூசுகிறார். கிணற்றுநீர் உவர், அதைத் தொடுவதில்லை. வெளியில் பூட்டும் தலைகளுக்கு இரும்பு ஆணி போட்டால் இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து இரும்பை அரித்துவிடும். 316 தரத் துருப்பிடிக்காத ஆணியும் இடையில் நைலோன் வளையமும் போடுகிறார்கள். இது உதவிப் பெடியன் கப்பல் பட்டறையிலிருந்து கொண்டுவந்த அறிவு.

அந்தப் பெடியன் இப்போது இரும்புக் கம்பியில் தன் பாட்டுக்கு நண்டுகள் வெல்ட் பண்ணுகிறான். அவருக்கு அவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கின்றன. ஒரு சங்கம் ஆறடி உயரத்தில் ஒரு பெரியவருடைய சிலை கேட்டு வந்தது. பத்து கிலோவுக்கு மேல் மூசையைத் தூக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். அவர்கள் சீமெந்தில் செய்து வெண்கல நிறம் அடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கச்சான் காற்றுக் காலத்துக்கு இரண்டு தலைகள் மெழுகில் ஆயத்தமாக நிற்கின்றன. விடுதியிலிருந்து இன்னொரு தொகுதிக் கைப்பிடிக்கும் முற்பணம் வந்திருக்கிறது, அதை முதலில் முடித்துவிட்டுத்தான் தலைகளுக்குச் சூளை மூட்டுவாராம்.